நன்றி: இணையம்

இளம் பத்திரிகைக்காரரான நீங்கள் போன கிழமை உங்கள் இணையக் குழுவில் ஒரு படத்துக்காகப் பிடித்த சண்டையை நானும் இருந்து வாசித்தேன். யாரோ எடுத்த படம். செய்தித்தளத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் அதை எடுத்துப் போட்டு, கீழே "நன்றி: இணையம்" என்று எழுதிவிட்டார். படம் எடுத்தவர் வந்து கேட்டதும், பொதுவெளியில் கிடந்ததுதானே என்று ஒருவர், நன்றி போட்டிருக்கிறோமே என்று இன்னொருவர், காப்புரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று மூன்றாமவர், இதற்குப் பின்னால் அரசியல் இருக்கிறது என்று நாலாமவர். நூற்றுச் சொச்சம் பின்னூட்டம். வாசித்து முடிக்க என்னுடைய தேத்தண்ணி ஆறிப்போய்விட்டது.

அதற்குப் பிறகு நீங்களே வந்து, "ஐயா, உங்கடை அனுபவத்திலை ஒண்டு எழுதித் தாங்கோ" என்று கேட்டீர்கள். குண்டுக்குள்ளும் பேப்பர் அடித்த வீரக்கதை வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அதெல்லாம் வேறு ஆட்கள் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவது ஒரு வாளியைப் பற்றி. அந்த நன்றி வரியை எங்கள் பக்கத்தில் முதலில் போட்டவர்களில் நானும் ஒருவன். அது ஒரு தாயையும் மூன்று பிள்ளைகளையும் மாரி மழைக்குள் இறக்கிவிடப் பார்த்தது. அந்தக் கதையைச் சொன்னால் உங்கள் நூற்றுச் சொச்சம் பின்னூட்டத்துக்கும் சேர்த்துப் பதில் சொன்னதாகிவிடும் என்று நினைக்கிறேன்.

இரண்டாயிரத்து ஒன்று. வன்னியில், முள்ளியவளை என்ற ஊரில் ஒரு சின்ன வாரப் பத்திரிகை. ஆசிரியர், நான், அச்சுக் கோர்க்கிற ஒருவர், கால்மிதி இயந்திரம் ஓட்டுகிற ஒருவர். நான் உதவி ஆசிரியர் என்று பெயர். எழுத்துப்பிழை பார்ப்பது, பக்கம் கட்டுவது, சைக்கிளில் போய்ச் செய்தி எடுப்பது எல்லாம் நான்தான். கடதாசி பெரிய பிரச்சினை. சண்டைக்காலம், வவுனியா இராணுவச் சாவடியைத் தாண்டி ஒன்றும் லேசில் வராது. சில கிழமைகளில் கோடு போட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலேயே பேப்பர் அடித்திருக்கிறோம். வாசகர்கள் கோபிக்கவில்லை. கோட்டுக்கு மேலே எழுத்து நேராக நின்றால் போதும் என்று பகிடி பண்ணினார்கள்.

இணையம் என்ற சொல் எங்களுக்குத் தெரியும். இணையத்தைக் கண்டவர் எங்களில் ஒருவரும் இல்லை. மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. எங்களுக்கு இணையம் என்பது ஒரு மண்ணிற உறை. வவுனியாவுக்குப் பாஸ் எடுத்துப் போய்வருகிற ஒருவர், அங்கே கொம்பியூட்டர் வைத்திருக்கும் நண்பரைக் கொண்டு பத்துப் பதினைந்து தாள் அச்செடுத்து, மடித்து, சேட்டுக்குள் வைத்துக் கொண்டுவருவார். கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் கருத்துக்களங்களில் எங்களைப் பற்றி என்ன கதைக்கிறார்கள் என்பது அதற்குள் இருக்கும். அங்கே காலையில் கதைத்தது எங்களிடம் வந்துசேர மூன்று கிழமை எடுக்கும். என்றாலும் அதை உறை பிரித்து வாசிக்கிறபோது நாங்களும் உலகத்தோடு இருக்கிறோம் என்று ஒரு எண்ணம் வரும். அந்த எண்ணம்தான் என்னைக் கெடுத்தது.

எங்கள் ஆசிரியர் முன்பு ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். இருபது வருடம் காணி உறுதி எழுதியவர். எந்த விசயத்தையும் எல்லை போட்டுத்தான் கதைப்பார். ஒரு செய்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், "இதுக்கு வடக்கை ஆர், தெற்கை ஆர்?" என்று கேட்பார். யாரிடம் கேட்டாய், மற்றப் பக்கத்து ஆளிடமும் கேட்டாயா என்பது அதன் பொருள். எங்களைக் கோபித்தாலும் "நீர்" என்றுதான் கோபிப்பார். சத்தம் போட்டு ஏசுகிறவர்களிடம் வேலை செய்தவர்களுக்கு அது எவ்வளவு சுடும் என்று தெரியாது.

அந்தக் கிழமை அவர் கடதாசி தேடித் துணுக்காய்ப் பக்கம் போயிருந்தார். "பக்கத்தைக் கட்டும், நான் வந்திடுவன்" என்று பொறுப்பை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். வருவதாகச் சொன்ன ஒரு கட்டுரை வரவில்லை. முக்கால் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. மேசையில் மண்ணிற உறை இருந்தது.

பிரித்தேன். ஒரு கருத்துக்களத்தில் நடந்த வாக்குவாதம், பதினாறு தாள். வன்னியில் சனம் எல்லாம் ஒரே குடும்பமாக, ஒரே பானையில் தின்று வாழுது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை, இடம்பெயர்ந்து போனவன் அங்கே நாய்பாடு படுகிறான் என்று இன்னொருவர். நீ யாருக்காக எழுதுகிறாய் என்று மூன்றாமவர். அந்தச் சண்டை சூடேறிய இடத்தில் "கடலோடி" என்று பெயர் வைத்திருந்த ஒருவர் வந்து, "இது என்ரை அக்கா அங்கை இருந்து எனக்கு எழுதின கடிதம். வாசிச்சுப்போட்டுக் கதையுங்கோ" என்று இரண்டு பக்கக் கடிதமொன்றைப் போட்டிருந்தார். அதற்குப் பிறகு பதினொரு தாள் அந்தக் கடிதத்தைப் பற்றிய சண்டை. சண்டையை நான் வாசிக்கவில்லை. கடிதத்தை மட்டும் வாசித்தேன்.

அது ஒரு அருமையான கடிதம். முல்லைத்தீவுக் கடற்கரையிலிருந்து இடம்பெயர்ந்து, ஒருவருடைய வளவில் கொட்டில் போட்டு மூன்று பிள்ளைகளோடு இருக்கிற ஒரு பெண் எழுதியது. புருசன் களப்பில் வலைக்குப் போய் கிழமைக்கு ஒருக்கா வருவார். கடல் இரையாத இடத்தில் நித்திரை வரவில்லை என்று ஒரு வரி. வீட்டுக்காரப் பெண் மத்தியானத்தில் கிணற்று வாளியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்துவிடுகிறா, நான் குடத்தோடு போய் வெறுங்கயிற்றைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நாலு வரி. அந்த நாலு வரியும் என்னை அடித்துப் போட்டது.

தம்பிக்காரன் அதை இங்கிலிசு எழுத்தில் தமிழாக அடித்திருந்தான். அந்தக் காலத்தில் தமிழ் எழுத்துரு எல்லாரிடமும் கிடையாது. palli என்று கிடக்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, கூரையிலிருந்து பல்லி விழுகிறதா என்று கால் மணித்தியாலம் யோசிக்கவேண்டும். ஒரு பகல் முழுக்க இருந்து அதைத் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன். முடித்தபோது அதில் அரைவாசி என்னுடையது என்ற நினைப்பு வந்துவிட்டது. யாரோ எழுதியதை இன்னொரு எழுத்தில் திருப்பி எழுதுகிறபோது வருகிற அந்த நினைப்பை நீங்கள் நம்பவே நம்பாதீர்கள். வெட்டி ஒட்டுகிற உங்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை, நினைப்பு மட்டும் எப்படித்தான் வருகிறதோ.

பக்கத்துக்குப் பன்னிரண்டு வரி கூடிப்போனது. கடைசிப் பந்தியை வெட்டினேன். அந்தப் பந்தியில் வீட்டுக்காரப் பெண்ணைப் பற்றி வேறு விதமாக எழுதியிருந்தது, நல்ல விதமாக. இடம் இல்லாமல் வெட்டினேன் என்று கன காலம் எல்லாருக்கும் சொல்லித் திரிந்தேன். அது பாதி உண்மை. அந்தப் பந்தி இருந்தால் கட்டுரையின் காரம் குறைந்துவிடும் என்று எனக்குப் பட்டது. அதுதான் மற்றப் பாதி. தலைப்பு நான் வைத்தது: "தண்ணீருக்கும் பூட்டு". கடிதத்தில் பூட்டு என்ற சொல்லே கிடையாது. கீழே, நேர்மையான ஆள் அல்லவா நான், "நன்றி: இணையம்" என்று போட்டேன்.

பேப்பர் வெள்ளிக்கிழமை வந்தது. சனி, ஞாயிறு எங்கே போனாலும் அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் கதை. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஒரு பெண் சைக்கிளை எங்கள் வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்தார். நாற்பது வயது இருக்கும். உண்மைப் பெயரை இங்கேயும் எழுதமாட்டேன். திரேசம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் எங்கள் பேப்பர் நாலாக மடித்திருந்தது.

"இதைப் போட்டது ஆர்?" என்று கேட்டார்.

பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து எழும்பி நின்று சொன்னேன். "நான்தான் அக்கா."

"இது என்ரை கடிதம்."

இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே அறையவேண்டும் போல இருக்கும். நான் சொன்ன பதில் இது: "இல்லையக்கா, இது இணையத்திலை வந்தது."

அவர் மடித்த பேப்பரை விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார். "இதுக்குப் பிறகு இன்னும் ஒரு பந்தி கிடக்கு. அது எங்கை?"

ஒரு கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. நின்றபடியே சொன்னார். தம்பிக்கு எழுதிய கடிதம் அது. அவன் அதை ஊருலகத்துக்குப் போடுவான் என்று அவருக்குத் தெரியாது. கடிதத்தில் பெயர் இல்லைத்தான். ஆனால் கடற்கரைச் சனம், மூன்று பிள்ளைகள், கிணற்றடியில் பிலாமரம், மத்தியானத்தில் கழற்றுகிற வாளி. முள்ளியவளையில் யாருக்கு விளங்காது? சனிக்கிழமை சங்கக்கடை வரிசையில் வைத்து வீட்டுக்கார அம்மாவிடம் ஒருத்தி கேட்டிருக்கிறாள், "உங்கடை வீட்டிலை தண்ணிக்குப் பூட்டாமே?" என்று. அம்மா சாமான் வாங்காமலே திரும்பி வந்து, இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டா.

"எங்கை போறது? பள்ளிக்கூடமும் கோயில் வளவும் சனத்தாலை நிறைஞ்சுபோய்க் கிடக்கு. மழையும் துவங்கிட்டுது. சின்னவனுக்கு நாலு வயசு" என்றார். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆசிரியர் அன்று காலைதான் துணுக்காயிலிருந்து திரும்பியிருந்தார். வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. உள்ளே வந்து பேப்பரை வாங்கி முழுதாக வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் இதை ஆரைக் கேட்டுப் போட்டனீர்?"

"நன்றி போட்டிருக்கிறன் ஐயா."

"ஆருக்கு நன்றி? இணையம் எண்டு ஒரு ஆள் இருக்கோ? அடுத்தவன் காணியிலை மாங்காய் ஆஞ்சுபோட்டு, நன்றி காத்து எண்டு எழுதி வைப்பீரோ?"

அவர் பேப்பரை மேசையில் விரித்து வைத்தார்.

"கேளும். கடிதம் எழுதின தாள் தம்பிக்காரன்ரை. அவன் அதைப் பெட்டியிலை வைக்கலாம், கிழிக்கலாம், அடுப்பிலை போடலாம். எழுத்து அக்காவின்ரை. அதை விக்கவோ, வெட்டவோ, ஊருக்கு வாசிக்கவோ அவவைக் கேக்கவேணும். தம்பிக்காரனுக்கே இல்லாத உரித்து, அவனைக் கண்டும் இராத உமக்கு எங்காலை வந்தது?"

பிறகு மண்ணிற உறையை வாங்கிப் பதினாறு தாளையும் விரித்து, திரேசம்மாவை இருக்கச் சொல்லி, அந்தச் சண்டையை அவருக்கு ஒவ்வொரு ஆளாக வாசித்துக் காட்டினார். நான் வாசிக்காமல் விட்ட பதினொரு தாளையும் அப்போதுதான் நானும் கேட்டேன். இந்தக் கடிதம் பொய், எங்கள் பெயரைக் கெடுக்க எழுதியது என்று ஒருவர். இதுதான் உண்மை, இப்போதாவது கண்ணைத் திறவுங்கள் என்று ஒருவர். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒருவர், கடிதத்தின் காப்புரிமை எழுதினவருக்கே, நீ போட்டது பிழை என்று விளக்கமாக எழுதியிருந்தார். "என்ரை அக்கா, எனக்கு எழுதினது, என்ரை உரிமை" என்று கடலோடி. இணையத்தில் போட்டால் எல்லாருக்கும் சொந்தம் என்று இன்னொருவர். ஆசிரியர் சொன்ன தீர்ப்பு அந்த உறைக்குள்ளேயே கிடந்திருக்கிறது. நான் அதை வெறும் சண்டை என்று தள்ளிவைத்திருக்கிறேன்.

திரேசம்மா முழுக்கக் கேட்டார். "இவையளெல்லாம் ஆர்?"

"தெரியாது பிள்ளை. உண்மைப் பேரும் இல்லை."

"இவ்வளவு பேர் என்னைப் பற்றிக் கதைச்சிருக்கினம்" என்றார். "அக்காவைக் கேட்டனியோ எண்டு என்ரை தம்பியை ஒருத்தரும் கேக்கேல்லை."

எனக்கு அந்த நேரத்தில் ஒரு வழி பளிச்சென்று தெரிந்தது. வருகிற வெள்ளிக்கிழமை முழுக் கடிதத்தையும், கடைசிப் பந்தியோடு போட்டுவிடுவோம். வீட்டுக்கார அம்மாவின் கோபம் ஆறிவிடும் என்று சொன்னேன். ஆசிரியர் தலையாட்டப்போனார். திரேசம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஊருக்கு ஒருக்கா வாசிச்சதே காணும், போதும்."

"அப்ப நாங்கள் என்ன செய்யவேணும் எண்டு நீரே சொல்லும்" என்றார் ஆசிரியர். அதுவரைக்கும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இவர் என்னோடை வந்து, வெட்டினது தான் எண்டு அவவுக்குச் சொல்லட்டும். பூட்டெண்டு எழுதினதும் தான் எண்டு சொல்லட்டும். அவ்வளவும் காணும். அந்தப் பந்தியிலை என்ன கிடந்தது எண்டு மட்டும் சொல்லக்கூடாது."

"அதைச் சொன்னாத்தானே அக்கா அவா ஆறுவா" என்றேன்.

"அது தம்பிக்கு எழுதினது. அவவுக்குச் சொல்லுறதெண்டா நான் சொல்லவேணும். பேப்பர்காரர் வந்து சொல்லி அவா என்னை இருக்க விட்டா, அது ஒரு இருப்போ?"

இரண்டு பேரும் சைக்கிளில் போனோம். பத்து நிமிடம். அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். எங்கள் அச்சகத்திலிருந்து அந்தக் கிணற்றுக்குப் பத்து நிமிடம்.

வீட்டுக்கார அம்மா குசினி வாசலில் இருந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. யாழ்ப்பாணத்துச் சனம். அரசாங்கம் குளத்துக்குக் கீழே வயல் கொடுத்துக் குடியேற்றிய காலத்தில் வந்து, காடு வெட்டி, வீடு கட்டியவர்கள். என்னைக் கண்டதும் யாரென்று விளங்கிவிட்டது. இருங்கோ என்று சொல்லவில்லை.

"அம்மா, கடிதத்தைப் பேப்பரிலை போட்டது நான். இவாவைக் கேக்காமல் போட்டது. கடைசியிலை ஒரு பந்தியை வெட்டினதும் நான்தான்."

"பூட்டு?"

"அதுவும் நான்தான் அம்மா. அவா எழுதேல்லை."

"பூட்டு எங்கை கிடக்கு எண்டு காட்டும் பாப்பம்" என்றா. "இருபத்தெட்டு வருசமா இந்த வளவுக்கு ஒரு படலை கூடச் சாத்தினதில்லை."

துருவலை சத்தம் நின்றது.

"வெட்டின துண்டிலை என்ன கிடந்தது?"

அந்தப் பந்தி என் சேட்டுப் பையில் கிடந்தது. எடுத்து நீட்டினால் அரை நிமிடத்தில் எல்லாம் முடியும். எந்த இரும்பு மனமும் இளகுகிற பந்தி அது. திரேசம்மா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருடைய சின்னவன் கொட்டில் வாசலில் நின்று எங்களைப் பார்க்கிறான். இந்தப் பிள்ளை மழைக்குள் போகக்கூடாது என்றால் நீ வாயைத் திற என்று என் மனம் சொல்கிறது. நல்ல காரியத்துக்குத்தானே என்று தோன்றுகிற இடம் இருக்கிறதே, அதுதான் எங்கள் தொழிலில் ஆபத்தான இடம். நான் அந்தக் கடிதத்தைப் போட்டதும் நல்ல காரியத்துக்குத்தான். தம்பிக்காரன் போட்டதும் நல்ல காரியத்துக்குத்தான்.

"அதை நான் சொல்லேலாது அம்மா" என்றேன். "எழுதினவா இதிலை நிக்கிறா."

அம்மா எழும்பி நின்றா. கோபம் இப்போது நேரே திரேசம்மா மேலே திரும்பியது.

"வாளியை ஏன் கழட்டினனான் எண்டு ஒரு நாள் கேட்டியோ நீ? உன்ரை சின்னவன் கிணத்துச் சுத்துக்கட்டிலை ஏறி நிண்டவன். கயித்தைப் பிடிச்சு வாளியை இழுக்கிறான். நீ காணேல்லை. நான் கண்டன். ஓடிப்போய்ப் பிடிச்சு இறக்கினது நான். அண்டையிலை இருந்துதான் மத்தியானத்திலை, நீயும் நானும் அசந்துபோற நேரம், வாளியைக் கழட்டிறன்."

திரேசம்மா கொட்டில் வாசலில் நின்ற சின்னவனைத் திரும்பிப் பார்த்தார். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது? பிள்ளையளைப் பாக்கத் தெரியாதெண்டு குத்திக் காட்டுறன் எண்டு நினைப்பாய். இடம் பெயந்து வந்த பிள்ளையை அப்பிடிச் சொல்லலாமோ?" பிறகு குரலை இறக்கிச் சொன்னா, "ஒரு நாள் ரெண்டு நாள் கோவத்திலையும் கழட்டினனான்தான். அதையும் சொல்லத்தானே வேணும்."

திரேசம்மா என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள் கொஞ்சம் வெளியிலை நில்லுங்கோ."

நான் கிணற்றடிக்குப் போய் நின்றேன். பிலாமரம், கப்பி, வெறுங்கயிறு. கிணற்றின் சுற்றுக்கட்டு ஒரு பக்கம் எறிகணைச் செல் விழுந்து இடிந்து, நாலு வயசுப் பிள்ளை ஏறுகிற உயரத்துக்குத் தாழ்ந்து கிடந்தது. ஒரு மூடை சீமெந்து இருந்தால் அரை நாளில் கட்டலாம். சீமெந்தை அரசாங்கம் வன்னிக்குள் விடுவதில்லை என்பது யாருக்கும் தெரிந்த விசயம். நான் போட்டிருக்கவேண்டிய செய்தி இதுதான், என் கண்ணுக்கு முன்னால், பூட்டும் இல்லாமல் திறந்து கிடக்கிறது. நாலு நாட்டிலிருந்து ஆட்கள் பதினாறு தாளுக்கு இந்தக் கிணற்றைப் பற்றிக் கதைத்திருக்கிறார்கள். அவர்களால் வர ஏலாது. பத்து நிமிடத்தில் வரக்கூடியவன் நான் ஒருவன். நான் உறையைப் பிரித்து, அவர்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

உள்ளே என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. கன நேரத்துக்குப் பிறகு அம்மா வெளியே வந்தா. கண் சிவந்திருந்தது. கையில் தேத்தண்ணி.

"குடியும்" என்றா. "குடிச்சுப்போட்டு, இந்தக் கட்டைப் பற்றி உம்மடை பேப்பரிலை எழுதும். என்ரை பேர் போடலாம். பூட்டு மட்டும் போடாதையும்."

அவர்கள் அந்த ஞாயிற்றுக்கிழமை போகவில்லை. அடுத்த மாரிக்கும் அந்தக் கொட்டிலில்தான் இருந்தார்கள். சீமெந்து வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல், திரேசம்மாவின் புருசன் களப்பிலிருந்து வந்த நாளில் பனைமரக் குத்தி நாலைக் கொண்டுவந்து கிணற்றைச் சுற்றி அடைத்துவிட்டார். பிறகு வாளி கயிற்றிலேயே கிடந்தது.

வெள்ளிக்கிழமைப் பேப்பருக்கு ஒரு திருத்தம் எழுதவேண்டியிருந்தது. நான் அரைப் பக்கம் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். மனம் உருகி எழுதியிருந்தேன். ஆசிரியர் சிவப்புப் பேனையை எடுத்து, கிணறு என்ற சொல்லை வெட்டினார், கடற்கரை என்ற சொல்லை வெட்டினார், என் மன்னிப்பில் முக்கால்வாசியை வெட்டினார். "நீர் அழுறதைக் காட்டப்போய்த் திரும்பவும் அவையின்ரை வீட்டைக் காட்டப்போறீர்" என்றார். மூன்று வரி மிஞ்சியது. சென்ற இதழில் வந்த கடிதம் எழுதியவரின் அனுமதி இல்லாமல் பிரசுரமானது, தலைப்பும் சுருக்கமும் எங்களுடையவை, இரண்டும் பிழை, வருந்துகிறோம். அதை அடிக்கமுன் திரேசம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "ஓம், இது காணும்" என்றார். உடைந்த கிணற்றுக் கட்டுகளைப் பற்றிய செய்தி வேறொரு பக்கத்தில் வந்தது. அதற்காக அந்தக் கிழமை கனகராயன்குளம் வரைக்கும் சைக்கிள் மிதித்து ஒவ்வொரு கிணறாகப் பார்த்தேன். கால் நோ ஒரு கிழமை இருந்தது.

அதற்குப் பிறகு நான் வேலை செய்த எந்த இடத்திலும் "நன்றி: இணையம்" என்று போட விடவில்லை. பெயர் தெரியாவிட்டால் தேடு. கிடைக்காவிட்டால் போடாதே. எடுத்தவரோ எழுதினவரோ கிடைத்தால் முதலில் கேள், வேண்டாம் என்றால் விடு. சட்டம் படியுங்கள், நல்லது. ஆனால் சட்டம் உங்களுக்கு இடம் விடுகிற வேளையிலும் அந்தப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்கிறார். இதற்கு வடக்கே ஆர், தெற்கே ஆர் என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். போன கிழமை அந்தப் படம் எடுத்த பையனுக்கு நீங்கள் எழுதிய நூற்றுச் சொச்சம் பின்னூட்டத்தில் "தம்பி, என்ன செய்யட்டும்?" என்று கேட்டது ஒன்றுகூட இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன்.

இதை எழுதமுன் திரேசம்மாவுக்குப் போன் எடுத்தேன். திரும்பக் கடற்கரையில்தான் இருக்கிறார். சின்னவனுக்கு இப்போது சொந்தப் படகு. "வாளியை எழுதுங்கோ, பந்தியை எழுதாதேங்கோ" என்று சொல்லிவிட்டார். எனக்கு அது மனப்பாடம். என்றாலும் நீங்கள் அதை வாசிக்கப்போவதில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. அந்தத் திருத்தம் வந்து ஒரு மாதம் இருக்கும். திரேசம்மா மறுபடி எங்கள் வேலியில் சைக்கிளைச் சாத்தினார். தம்பிக்குப் பதில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். எங்கள் ஆள் வவுனியாவுக்குப் போகிறபோது அங்கிருந்து தபாலில் போடவேண்டும். அந்தக் காலத்தில் கையில் கொண்டுபோகிற கடிதத்தை ஒட்டக்கூடாது. சோதனைச் சாவடியில் பிரித்துப் பார்ப்பார்கள், ஒட்டியிருந்தால் கொண்டுபோகிறவருக்குத்தான் கரைச்சல். ஆகவே உறை திறந்தபடி இருந்தது. உள்ளே நாலைந்து தாள், தடிப்பாக.

"ஆரிட்டைக் குடுக்கட்டும்?" என்று கேட்டேன்.

"உங்களிட்டைத்தான்" என்றார். "வெள்ளிக்கிழமைதானே அவர் போறார். அதுவரைக்கும் வைச்சிருங்கோ."

நாலு நாள் அது என் மேசை இழுப்பறையில் திறந்து கிடந்தது. அதில் தம்பியை என்ன ஏசியிருந்தார், வீட்டுக்கார அம்மாவைப் பற்றி என்ன எழுதியிருந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.